பாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் 19 வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சூப்பர் சிங்கர் அடுத்த சீசனுக்கு ஆடிஷன் என்று டிவியில் ஓட ஆரம்பித்தால் போதும், அன்று சாயங்காலமே நாலைந்து அம்மாக்கள் வகுப்பு முடிந்தும் கிளம்பாமல் நிற்பார்கள். அப்பாக்கள் ராத்திரி போன் செய்வார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், ஆனால் அவசரத்தில் நான் பாதி பதில்தான் சொல்லியிருப்பேன். அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவிட்டேன். இதுவரை பதினோரு பிள்ளைகளை வெவ்வேறு டிவி போட்டிகளுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன், இரண்டு பேர் மேடை வரை போனார்கள். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

டீச்சர், என் பொண்ணு நல்லா பாடுறா. அனுப்பலாமா?

முதலில் அவளிடம் கேளுங்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது நானும் கேட்பேன். "ஜெயிக்கணும்" என்று சொல்கிற பிள்ளையைவிட, "அந்த பேண்டோட பாடணும்" என்று சொல்கிற பிள்ளையைத்தான் நான் தைரியமாக அனுப்புவேன். காரணம் இருக்கிறது. பட்டம் ஒருவருக்குத்தான். ஆனால் தேர்வாகிற ஒவ்வொருவருக்கும், வாராவாரம் புதுப் பாட்டு தயார் செய்து, நிஜ இசைக்குழுவோடு ஒத்திகை பார்த்து, காது தேர்ந்தவர்கள் முன்னால் பாடி, எங்கே தப்பு என்று கேட்டுத் திருத்திக்கொள்கிற சில மாதங்கள் கிடைக்கும். அது எங்கள் ஊரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. அந்த மாதங்களுக்காகப் போகலாம், பரிசுக்காக என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கீழே வருகிற பதில்களிலும் நான் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

இந்த மாதிரி போட்டி எப்போது ஆரம்பித்தது?

நம் வீடுகளில் முதலில் பார்த்தது சன் டிவியில் ஏ.வி.ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள். இந்தியில் ஜீ டிவியின் ச ரி க ம 1995-ல் வந்தது, தூர்தர்ஷன் போட்டி ஒன்றில் 1996-ல் ஜெயித்த சின்னப் பெண்தான் பிறகு இந்தி சினிமாவில் பெரிய பாடகியான சுனிதி சௌஹான். இப்போது நாம் பார்க்கிற வடிவம், அதாவது ஊர் ஊராக ஆடிஷன், நடுவர் கருத்து, மக்கள் ஓட்டு, வாரம் ஒருவர் வெளியேறுவது, இதெல்லாம் 2001-ல் பிரிட்டனில் வந்த பாப் ஐடலுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2002-ல் அமெரிக்கா, 2004-ல் இந்தியன் ஐடல். விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் 2006-ல் தொடங்கியது, முதல் பட்டம் நிகில் மேத்யூவுக்கு.

ஆடிஷனில் என்ன நடக்கும்?

காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். ஒரு பள்ளிக்கூடமோ கல்லூரியோ மண்டபமோ, உங்களுக்கு ஒரு எண் கொடுத்துச் சட்டையில் ஒட்டச் சொல்வார்கள். பல மணி நேரம் காத்திருந்த பிறகு உள்ளே கூப்பிட்டால் டிவியில் பார்த்த நடுவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நிகழ்ச்சிக் குழுவின் இசை தெரிந்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கவாத்தியம் கிடையாது, டிராக் கிடையாது. "பாடுங்க" என்பார்கள். முப்பது, நாற்பது விநாடியில் "போதும்" என்பார்கள், சிலரிடம் மட்டும் "வேற ஒண்ணு பாடுங்க" என்பார்கள்.

அந்த "போதும்" பிள்ளைகளை உடைத்துவிடுகிறது. அதனால் வகுப்பிலேயே பழக்கப்படுத்துகிறேன், பாதியில் நிறுத்துவேன், முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருப்பேன், அடுத்த பாட்டு உடனே எடு என்பேன். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும், நாலாவது தடவை பழகிவிடும். சாப்பாடு, தண்ணீர், ஒரு சால்வை கையில் வையுங்கள். காத்திருக்கும்போது விடாமல் பாடிப் பார்க்க விடாதீர்கள். வரிசையில் ஐந்து மணி நேரம் பாடிப் பார்த்துவிட்டு, உள்ளே போகும்போது குரல் கம்மிய பிள்ளைகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

எந்தப் பாட்டைப் பாடச் சொல்லலாம்?

இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் நான் செய்த பெரிய தப்பும் இதில்தான்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு பையனுக்கு, நான் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்த, பிருகா (சுரங்களை வேகமாக உருட்டிப் பாடுவது) நிறைந்த ஒரு பழைய பாட்டை ஆடிஷனுக்குக் கொடுத்தேன். வகுப்பில் பத்துக்கு எட்டு தடவை சரியாக விழும். அங்கே விழவில்லை. அவன் குரலுக்கு அழகாக உட்கார்ந்த ஒரு எளிமையான மெலடி இருந்தது, அதை நான் ஒதுக்கியிருந்தேன், ஏனென்றால் அதில் என் உழைப்பு தெரியாது. பையனுடைய ஆடிஷனை என்னுடைய பரீட்சையாக நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறேன்: பத்துக்கு பத்து தடவை விழுகிற பாட்டுதான் ஆடிஷனுக்கு, காய்ச்சலோடு பாடினாலும் விழ வேண்டும்.

மூன்று பாட்டு தயாராக இருக்கட்டும். ஒன்று குரலின் இயல்பைக் காட்டுகிற மெலடி, ஒன்று தாளத்தில் ஓடுகிற வேகப்பாட்டு, ஒன்று பிள்ளைக்கு மட்டுமே உரிய ஏதாவது: நாட்டுப்புறப் பாட்டு, கும்மி, தேவாரம், திருப்புகழ், கானா, எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவதைப் பெற்றோர்கள் அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018-ல் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கியது சினிமா மெலடியில் மற்றவர்களை மிஞ்சி இல்லை, தனக்குள் இருந்த மண் பாட்டைக் கொண்டுபோய் அந்த மேடையில் வைத்துத்தான். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் பாடிய வாரங்களில் எங்கள் தெருவில் வேறு சேனல் ஓடவில்லை.

பல்லவியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாற்பது விநாடிதான் கேட்பார்கள் என்றால், குரலின் நல்ல பகுதி சரணத்தில் இருந்தால் சரணத்தில் ஆரம்பிக்கலாம். இன்டர்லூட் இசையை (பாட்டுக்கு நடுவில் வருகிற வாத்திய இசை) வாயால் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த மாதம் எல்லோர் வாயிலும் ஓடுகிற புதுப்பாட்டையும் தவிர்த்துவிடுங்கள், அன்று காலையிலேயே அதை நூறு பேர் பாடியிருப்பார்கள்.

எந்தக் கட்டையில் பாடணும்?

பாட்டின் உச்சி எங்கே என்று முதலில் பாருங்கள், அந்த இடம் கத்தாமல் வருகிறதா, அதே நேரம் அடிப்பகுதி காற்றாகப் போகாமல் கேட்கிறதா. இரண்டும் சரியாக வருகிற இடம்தான் உங்கள் கட்டை, அதாவது பாட்டுக்கு ஆதாரமாகப் பிடிக்கிற சுருதி. கர்நாடக இசையில் ஆண்கள் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண்கள் ஐந்திலிருந்து ஆறு கட்டை என்பது வழக்கம். ஆனால் சினிமாப் பாட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்கேலில் இருக்கும். ஆண் பாடிய பாட்டைப் பெண்பிள்ளை அதே ஸ்கேலில் எடுத்தால் அடியில் அமுங்கும், ஒரு ஸ்தாயி (கீழ் ஸ-வில் இருந்து மேல் ஸ வரை உள்ள தூரம்) மேலே எடுத்தால் கீச்சென்று போகும், நடுவில் நாலைந்து சுரத்தானம் தள்ளித்தான் இடம் கிடைக்கும். பிடித்த இடத்தை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஆடிஷன் அறைக்குள் போவதற்கு முன் போனில் சுருதி ஆப்பை வைத்து ஒருமுறை காதில் கேட்டுக்கொள்ளலாம். பதற்றத்தில் எல்லோருமே அரைக்கட்டை, ஒரு கட்டை மேலே எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் உச்சியில் குரல் கிழிகிறது.

கர்நாடக சங்கீதம் கற்றிருந்தால்தான் எடுப்பார்களா?

இல்லை. 2014-ல் பட்டம் வென்ற திவாகர் முறையான பயிற்சி இல்லாமல் கேள்வி ஞானத்தாலேயே பாடி வந்தவர். ஆனால் ஒரு வார்த்தை: நல்ல காது இருக்கிற பிள்ளைக்கும் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்கிற ஆரம்ப சுரப் பயிற்சிகளை இரண்டு வருடம் பாடினால் சுருதி நிற்பதில் வருகிற வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆடிஷனில் தேர்வாக அது தேவைப்படாமல் போகலாம். வாரம் ஒரு புதுப்பாட்டு கற்க வேண்டிய கட்டத்தில், சுரமாகக் காதில் விழுகிற பிள்ளை ஒரு நாளில் கற்கும், மற்றது நாலு நாள் தவிக்கும்.

உச்சரிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

ஏனென்றால் அது பாட்டில் பாதி. மலையும் மழையும் ஒன்றாகிவிட்டால் வரியே செத்துப்போகும். ழ, ள, ல, அப்புறம் ண, ன, ந. என் வகுப்பில் பாட்டைப் பாடுவதற்கு முன்னால் வரிகளைச் சத்தமாகப் படித்து, அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாமல் பாடுகிற பிள்ளை எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியாமல் ஒரு சொல்லை நடுவில் வெட்டிவிடும். நடுவர்கள் "ஃபீல் இல்லை" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பையனுக்கு 13 வயது. திடீரென்று குரல் பிசிறடிக்கிறது. இந்த சீசன் விட்டால் ஜூனியர் வயது போய்விடுமே?

இதைப் படிக்கிற பெற்றோர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவனைத் தள்ளாதீர்கள். மகரக்கட்டு உடைகிற வயது அது. 12-லிருந்து 15-க்குள் பையன்களுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல் நாண் நீண்டு தடிக்கும், குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு, ஆனால் சிறியது. இந்த நேரத்தில் பழைய கட்டையிலேயே உச்சியைத் தொடச் சொல்லி அழுத்தினால் தொண்டையை இறுக்கிப் பாடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பதற்கு வருடங்கள் ஆகும்.

பாடுவதை நிறுத்த வேண்டாம். நடு ஸ்தாயியில், சின்ன நேரம், மெதுவாகப் பாடட்டும். தாளம் கற்கலாம், கீபோர்டு கற்கலாம், நிறையக் கேட்கலாம். ஜூனியர் வயது போனால் பெரியவர்கள் போட்டி இருக்கிறது. ஜூனியரில் மின்னிய சில பையன்கள் பிறகு ஏன் காணாமல் போனார்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் பாதி பதில் இதுதான். மற்றவர்கள் கேட்டு ரசித்த அந்தக் குரல் இப்போது அவர்களிடமே இல்லை, வேறு ஒரு குரல் வந்திருக்கிறது, அதோடு பழகுவதற்கு அவர்களுக்கு நேரம் வேண்டும்.

குரலுக்கு மிளகு, பனங்கற்கண்டு நல்லதா?

இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே போகிறது, குரல் நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். எனவே எந்தக் கஷாயமும் அதை நேரடியாகத் தொடாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது, தூக்கம், ஆவி பிடிப்பது, கத்தாமல் இருப்பது, இவைதான் வேலை செய்யும். குரல் கம்மினால் கிசுகிசுப்பாகப் பேசச் சொல்லாதீர்கள், அதுவும் சிரமம்தான், பேசாமலே இருக்கட்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரோக்கியில் பிரமாதமாகப் பாடுகிறான். பேண்டோடு பாடும்போது ஏன் தடுமாறுகிறான்?

கரோக்கியில் திரையில் வரி நிறம் மாறி "இப்போ எடு" என்று சொல்லிவிடும். மேடையில் அதைச் சொல்ல யாரும் இல்லை. இன்டர்லூட் முடிந்து சரணத்தை எடுக்கிற இடத்தை அவனே எண்ணிப் பிடிக்க வேண்டும், டிரம்ஸ் காதுக்குப் பக்கத்தில் அடிக்கும், காதில் மாட்டுகிற மானிட்டரில் தன் குரல் வேறு மாதிரி கேட்கும், ஒத்திகைக்குக் கிடைப்பதோ ஒன்றிரண்டு தடவைதான். அதற்கு இங்கேயே தயார் செய்யலாம். பாட்டின் இசைப்பகுதியைக் கேட்டு எத்தனை ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) என்று கைவிரலில் எண்ணச் சொல்லுங்கள். நம் ஊர் கோயில் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா வைக்கிற அண்ணன்களிடம் கேட்டால் ஒரு பாட்டு தருவார்கள். அந்த ஒரு பாட்டில் கற்கிறதை நான் மூன்று மாதத்தில் கற்றுத்தர முடியாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். டிவியில் நாம் கேட்பது பதிவு செய்து, கலவை செய்து, மெருகேற்றிய ஒலி. அதை உங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளை பாடுவதோடு ஒப்பிட்டு மனசு விடாதீர்கள்.

நடுவர்கள் கடுமையாகப் பேசிவிட்டால்?

சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கிற தகவலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன், சித்ரா, மனோ, அனுராதா ஸ்ரீராம் போன்றவர்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றவர்கள். "இந்த இடத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியது" என்று அவர்கள் சொன்னால் அது உண்மையாகவே இறங்கியிருக்கும். குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன் பிள்ளைகளிடம் மூச்சைப் பற்றியும் தொண்டையைத் தளர்த்துவதைப் பற்றியும் பேசுகிற பகுதிகளை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஒரு கருத்தை எழுதி வைத்து, அடுத்த வாரம் அதை மட்டும் திருத்தினால் போதும்.

எல்லாம் முன்பே முடிவானது என்கிறார்களே?

அப்படிச் சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, அதனால் நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது வேறு. இது இசைப் பரீட்சை இல்லை, டிவி நிகழ்ச்சி. யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்பது மட்டும் போதாது, யாரை மக்கள் தொடர்ந்து பார்க்க விரும்புகிறார்கள் என்பதும் கணக்கில் வரும். கடைசிக் கட்டத்தில் மக்கள் ஓட்டு, ஒரு காலத்தில் எஸ்.எம்.எஸ்., இப்போது ஆப். ஓட்டு என்றால் ஊர்ப்பாசம் வரும், பரிவு வரும், ரசிகர் கூட்டம் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரியவர்களுக்கான சூப்பர் சிங்கரில் முதல் எட்டு சீசனும் ஆண்கள்தான் ஜெயித்தார்கள், 2023-ல் ஒன்பதாவது சீசனில் அருணாதான் பட்டம் வாங்கிய முதல் பெண். ஜூனியரில் அல்கா அஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று பெண்பிள்ளைகள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். குரலில் பெண்கள் குறைந்தவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? பதினேழு வருடம் ஆனது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். இறுதிச்சுற்று பார்த்துவிட்டு என் மாணவி ஒருத்தி "பொண்ணுங்களுக்குக் கிடைக்காதா டீச்சர்" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஏற்கெனவே சினிமாவில் பாடியவரும் கலந்துகொள்ளலாமா?

2016-ல் ஜெயித்த ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் அதற்கு முன்பே சினிமாவில் பாடியிருக்கிறார் என்று பெரிய விவாதம் எழுந்தது. என் கருத்து: நன்றாகப் பாடுகிறவர் வாய்ப்பு தேடி எந்தக் கதவையும் தட்டலாம், அதில் அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் விதி என்ன என்பதை நிகழ்ச்சி ஆரம்பத்திலேயே பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

குடும்பக் கஷ்டத்தை டிவியில் சொல்லச் சொல்வார்களாமே?

என் மாணவி ஒருத்திக்கு ஒரு போட்டியில் நடந்தது. எந்தப் போட்டி என்பது வேண்டாம். அவள் அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. படிவத்தில் அதைப் பார்த்தவர்கள், அதைப் பற்றிக் கேமரா முன்னால் பேச முடியுமா, அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டார்கள். பிள்ளை என்னைப் பார்த்தாள், நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். "அது எங்க வீட்டு விஷயம் சார், பாட்டு கேளுங்க" என்று சொன்னார். பாட்டு கேட்டார்கள், அடுத்த சுற்றுக்கும் எடுத்தார்கள்.

சொல்ல விருப்பம் இருப்பவர்கள் சொல்லலாம், அதில் தப்பில்லை. அந்தக் கதையால் உதவி கிடைத்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று போவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளையின் நோய், அப்பாவின் குடி, கடன், இதெல்லாம் ஒரு தடவை ஒளிபரப்பானால் இணையத்தில் என்றைக்கும் இருக்கும். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைதான் அதைச் சுமக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளைப் படப்பிடிப்பில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

சட்டம் இருக்கிறது, பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகளையும் மாற்றினார்கள். அதன்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். பிள்ளை ஈட்டுகிற பணத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகச் செய்ய வைக்கக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்கி விழுகிற ஏழு வயதுப் பிள்ளையை எழுப்பி "ஒரு டேக்தான் கண்ணு" என்று சொன்னால், "நாளைக்கு எடுங்க" என்று சொல்கிற உரிமை உங்களுக்கு உண்டு. மற்ற பெற்றோர்கள் பேசாமல் இருக்கும்போது நீங்கள் மட்டும் சொல்வது கஷ்டம்தான். சொல்லுங்கள்.

வீடு பரிசு என்கிறார்கள். அப்படியே கைக்கு வருமா?

வரி உண்டு. டிவி போட்டியில் ஜெயிக்கிற பரிசை வருமான வரிச் சட்டம் லாட்டரிப் பரிசோடு ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கிற அடிப்படை விலக்கு இதற்குப் பொருந்தாது. 40 லட்ச ரூபாய் பெறுமான வீடு என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 12 லட்சத்து 48 ஆயிரம், பரிசு 50 லட்சம் தாண்டினால் சர்சார்ஜ் என்கிற கூடுதல் வரியும் சேரும். பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தால், வரி கட்டப்பட்ட பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வரியை யார் கட்டுவது, நிகழ்ச்சியா நீங்களா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜெயித்த இரவில் கேட்கத் தோன்றாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன பார்க்கணும்?

எத்தனை வருடம் வேறு சேனலில் பாடக் கூடாது, வெளிக் கச்சேரிக்கு அனுமதி வேண்டுமா, கச்சேரிப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா, பிள்ளை பாடிய வீடியோவை எங்கெல்லாம் பயன்படுத்தலாம். இந்த நாலும் முக்கியம். ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அங்கேயே உடனே கையெழுத்துப் போடு என்றால், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

பணம் கொடுத்தால் நேராக இரண்டாவது சுற்றுக்குப் போகலாம் என்று ஒருவர் போன் செய்தார்.

ஏமாற்று. நம்பரைத் தடுத்துவிட்டு சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இலங்கை, வெளிநாட்டுப் பிள்ளைகள் வரலாமா?

வருகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள். அமெரிக்காவில் இருந்து வந்த பிரகதி 2012 ஜூனியரில் இரண்டாம் இடம். கனடாவில் இருந்து வந்த ஜெசிக்கா 2015-ல் தனக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு என்று மேடையிலேயே அறிவித்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வாங்கினாள். விசா, மாதக்கணக்கில் சென்னையில் தங்குவது, பள்ளி விடுப்பு, இவற்றை மட்டும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயித்தவர்களை எல்லாம் இப்போது எங்கே கேட்க முடிகிறது? அப்புறம் எதற்குப் போகணும்?

கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது. ஜெயித்தவர்களை மட்டும் தேடுகிறீர்கள். 2011 இறுதிச்சுற்றில் பட்டம் சாய்சரணுக்குப் போனது. பட்டம் கிடைக்காத சத்யபிரகாஷ் அதன்பின் எத்தனை சினிமாப் பாட்டு பாடிவிட்டார். ஜூனியரில் பாடிய பிரியங்காவின் குரலை இன்று தெரியாதவர்கள் கிடையாது. 2019-ல் கோப்பை வாங்காத சிவாங்கி வீட்டுக்கு வீடு தெரிந்த பெண். ஜெயித்தவர்களிலும் அஜீஷ் இசையமைப்பாளராகவே ஆகிவிட்டார். வெளியே பார்த்தாலும் இதே கதைதான். 2005-ல் ஒரு இந்திப் போட்டியில் பாதியில் வெளியேறியவர் அரிஜித் சிங். அமெரிக்கன் ஐடலில் 2004-ல் ஏழாம் இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் 2007-ல் ஆஸ்கர் வாங்கினார்.

சினிமாவில் பாடுகிற வாய்ப்பு பட்டத்தைப் பார்த்து வருவதில்லை. இசையமைப்பாளருக்கு ஒரு பாட்டுக்கு ஒரு குரல் தேவைப்படும், அந்தக் குரல் எங்கேயோ காதில் விழுந்திருக்க வேண்டும், கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் கற்றுப் பாடித்தர வேண்டும். முதலாவதைப் போட்டி செய்துகொடுக்கும். இரண்டாவதை அந்த மாதங்களில் பிள்ளை எவ்வளவு கற்றது என்பதுதான் தீர்மானிக்கும். அதோடு சினிமா மட்டுமே பாட்டு இல்லை. கல்யாணக் கச்சேரி, கோயில் விழா, வெளிநாட்டு மேடை, விளம்பரப் பாட்டு, பள்ளியில் இசை ஆசிரியர் வேலை, எல்லாம் பாட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிற மரியாதையான வழிகள். அரையிறுதி வரை போன பிள்ளைக்குக்கூட கச்சேரிக்கு அழைப்பு வரும், ஆனால் அந்த அலை ஒன்றிரண்டு வருடம்தான் இருக்கும், அதற்குள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

தேர்வாகவில்லை. பிள்ளை சாப்பிடாமல் அழுகிறது. என்ன செய்வது?

அழட்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் காரணம் பேசாதீர்கள், "அந்தப் பாட்டை எடுத்திருக்கலாம்" என்று சொல்லாதீர்கள், யாரையும் திட்டாதீர்கள். வழியில் இறங்கி அதற்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள். சொந்தக்காரர்கள் போன் செய்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள், பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். அடுத்த நாள் வகுப்பு இருந்தால் அனுப்புங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன், எல்லோரோடும் உட்காரவைத்து வரிசை பாடவைப்பேன். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் அந்தப் பாட்டை ஒருமுறை முழுசாக, யாரும் நிறுத்தாமல், கடைசி வரி வரை பாடச் சொல்வேன். ஆடிஷனில் பாதியில் நின்ற பாட்டு பல பிள்ளைகளுக்குத் தொண்டையிலேயே நின்றுபோகிறது, அதைப் பாடி முடிக்க வேண்டும்.

மேலே சொன்னேனே, அப்பாவை இழந்த அந்தப் பெண், அவளும் அடுத்த சுற்றில் வெளியே வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு 24 வயது, எங்கள் பக்கத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் முக்கியப் பாடகி. போன பங்குனித் திருவிழாவில் மூன்று மணி நேரம் பாடினாள். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குப் பிடித்த பாட்டை அவளாகவே எடுத்தாள், யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.